தொழில்முனைவு வகுப்பில் படித்தால் தொழில் தொடங்கத் தயாராகிவிடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகத்தில் தொழில்முனைவுப் பாடம் எடுக்கலாமா என்று யோசிக்கும் மாணவர்கள், "இதெல்லாம் எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர், புதிதாக அந்தப் பாடத்தை நடத்தப் போகும் ஆசிரியர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஆராய்ச்சி சொல்வது எது, என் கருத்து எது என்பது அந்தந்த இடத்திலேயே தெரியும்படி எழுதியிருக்கிறேன்.

மேலாண்மைப் படிப்பும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. மேலாண்மைப் படிப்பு பெரும்பாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனத்தை எப்படி நடத்துவது என்று சொல்லித் தருகிறது. அங்கே வாடிக்கையாளர் இருக்கிறார், பொருள் இருக்கிறது, போன வருடக் கணக்கு இருக்கிறது. புதுத் தொழிலில் இது எதுவுமே இருக்காது. யாருக்கு விற்கப் போகிறோம் என்பதே சரியாகத் தெரியாத நிலையில் முடிவெடுக்கப் பழக வேண்டும்.

நேற்று முளைத்த பாடமும் இல்லை இது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மைல்ஸ் மேஸ் என்ற பேராசிரியர் 1947-இல் புது நிறுவனங்களை நடத்துவது பற்றி ஒரு பாடம் தொடங்கினார். முதல் வகுப்பிலேயே 188 பேர் சேர்ந்தார்கள்; இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்கள் அவர்களில் நிறைய. இப்போது உலகம் முழுக்க இந்தப் பாடம் இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்தாலும் வகுப்புக்குள் நடப்பது இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் கோட்பாடுகளையும் வெற்றிக் கதைகளையும் படித்துப் பரீட்சை எழுதுவார்கள். இன்னோரிடத்தில் கணக்கு, சட்டம், விற்பனை என்று தொழிலுக்கு வேண்டியதைக் கற்பார்கள். மூன்றாவது வகையில், நிஜமாகவே ஒரு சின்னத் தொழிலை நடத்திக்கொண்டே படிப்பார்கள். பாடத்தால் பயன் உண்டா என்ற கேள்விக்கான பதில், எந்த வகை என்பதைப் பொறுத்து நிறையவே மாறும்.

"தயார்" என்றால் என்ன? ஆசை இருந்தால் போதாதா?

ஆசை வேறு, எண்ணம் வேறு, ஆயத்தம் வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தப் பாடத்தைப் பற்றிய பாதிச் சண்டைகள் நடக்கின்றன.

தொழில் தொடங்கும் எண்ணம் எப்படி உருவாகிறது என்பதை விளக்க ஆய்வாளர்கள் அதிகம் எடுத்தாள்வது, உளவியலாளர் ஐசக் அய்சன் 1991-இல் விரிவாக எழுதிய கோட்பாடு. அது மூன்று விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது. அந்தக் காரியத்தைப் பற்றி எனக்கு என்ன அபிப்பிராயம்? எனக்கு வேண்டியவர்கள் என்ன நினைப்பார்கள்? என்னால் அது முடியும் என்று நான் நம்புகிறேனா? இந்த மூன்றும் சாதகமாக இருந்தால் எண்ணம் வலுப்படும். 1982-லேயே ஷாபிரோவும் சோகலும் கிட்டத்தட்ட இதையே வேறு விதமாகச் சொன்னார்கள்: விரும்பத்தக்கதாகத் தோன்ற வேண்டும், சாத்தியமாகவும் தோன்ற வேண்டும், அதற்கு மேல் வாழ்க்கையில் ஏதாவது ஓர் உந்துதலும் வேண்டும். வேலை போவது, படிப்பு முடிவது, எதிர்பாராத வாய்ப்பு ஒன்று வாசலில் வந்து நிற்பது போல.

இதெல்லாம் எண்ணம் வரைக்கும்தான். ஆயத்தம் என்று நான் சொல்வது அதற்கு அடுத்தது. ஒரு யோசனையைச் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கத் தெரியுமா? பணம் எப்போது உள்ளே வரும், எப்போது வெளியே போகும் என்று எழுதிப் பார்க்கத் தெரியுமா? முன்பின் தெரியாதவரிடம் போய் விற்க முடியுமா? எவ்வளவு நஷ்டம் வந்தால் நிறுத்திக்கொள்வோம் என்று முடிவு செய்தாயிற்றா? எண்ணம் மலையளவு இருந்து இவற்றில் ஒன்றுகூட இல்லாதவர்கள் உண்டு. எல்லாம் இருந்தும் எண்ணமே இல்லாதவர்களும் உண்டு.

சரி, வகுப்பில் படித்தால் அந்த எண்ணம் கூடுகிறதா, இல்லையா?

கூடுகிறது என்றும் ஆய்வுகள் உண்டு, குறைகிறது என்றும் உண்டு. இரண்டையும் பார்த்துவிடலாம்.

ஆஸ்திரேலியாவில் பள்ளி மாணவர்கள் சிறு நிறுவனம் நடத்திப் பழகும் ஒரு திட்டத்தைப் பீட்டர்மனும் கென்னடியும் ஆராய்ந்து 2003-இல் எழுதினார்கள். பங்கேற்றவர்களுக்குத் தொழில் தொடங்குவது முன்பைவிட விரும்பத்தக்கதாகவும் சாத்தியமானதாகவும் தோன்றியது. 2007-இல் சூட்டாரிஸ் குழுவினர் லண்டனிலும் பிரான்சின் கிரெனோபிளிலும் அறிவியல், பொறியியல் மாணவர்களை ஆராய்ந்தபோது எண்ணம் கூடியிருந்தது. ஆனால் எதனால் கூடியது என்று பிரித்துப் பார்த்ததில் ஒரு வேடிக்கை. பாடத்தில் கற்றதோ கிடைத்த வசதிகளோ காரணமாகத் தெரியவில்லை. அந்த நாட்களில் எங்கோ மனதில் ஒரு பொறி தட்டியதே காரணமாக இருந்தது. விருந்தினராக வந்தவரின் ஒரு பேச்சோ, சக மாணவர் ஒருவரின் உற்சாகமோ அந்தப் பொறியாக இருக்கலாம்.

இப்போது மறுபக்கம். நெதர்லாந்தில் ஒரு கல்லூரிக்கு இரண்டு வளாகங்கள். ஒன்றில் மாணவர்கள் சிறு நிறுவனம் நடத்துவது கட்டாயம், மற்றதில் அந்தத் திட்டமே கிடையாது. ஓஸ்டர்பீக் குழுவினர் இரண்டையும் ஒப்பிட்டு 2010-இல் வெளியிட்ட முடிவு பலருக்கு அதிர்ச்சி: திறன்களில் குறிப்பிடும்படியான முன்னேற்றம் இல்லை, தொழில் தொடங்கும் எண்ணமோ குறைந்துவிட்டது.

இப்படி ஆளுக்கொன்று சொன்னால் என்ன செய்வது? எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிப் பார்க்க வேண்டியதுதான். பே என்ற ஆய்வாளரின் குழுவினர் 2014-இல் அதைச் செய்தார்கள். 73 ஆய்வுகள், 37,285 பேர். கல்விக்கும் எண்ணத்துக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் சின்னத் தொடர்பு: ஒட்டுறவுக் கெழு (தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1) 0.143 மட்டுமே. வகுப்பில் சேர்வதற்கு முன்பே இருந்த எண்ணத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும், சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு எதுவும் மிஞ்சவில்லை. ஆர்வம் உள்ளவர்கள்தான் அந்தப் பாடத்தைத் தேடிப் போய்ச் சேர்கிறார்கள். வெளியே வரும்போது ஆர்வமாக இருந்தால் பாராட்டு பாடத்துக்குப் போய்விடுகிறது.

எண்ணம் குறைந்தால் அந்த வகுப்பு தோல்வி என்றுதானே அர்த்தம்?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மியூனிக்கில் ஒரு கட்டாயப் பாடத்தை கிரேவெனிட்ஸ், ஹார்ஹாஃப், வெபர் ஆகிய மூவர் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். படித்து முடித்தபோது தங்கள் திறன் வளர்ந்திருப்பதாக மாணவர்கள் சொன்னார்கள். ஆனால் சராசரி எண்ணம் சற்றுக் குறைந்திருந்தது. ஆய்வாளர்கள் தந்த விளக்கம் எனக்குப் பிடித்தமானது. வகுப்பு ஒவ்வொருவருக்கும் தன்னைப் பற்றிய தகவலைத் தருகிறது. "இது எனக்குச் சரிவரும்" என்று சிலருக்கும் "சரிவராது" என்று சிலருக்கும் தெளிவாகிறது. இரண்டாவது கூட்டம் பெரிதாக இருந்தால் சராசரி இறங்கும். சராசரியை மட்டும் பார்ப்பவர் பாடம் கெடுத்துவிட்டது என்பார். தொழிலில் சேமிப்பைத் தொலைக்காமலே தனக்கு இது வேண்டாம் என்று தெரிந்துகொண்ட மாணவருக்கு அது லாபம்தான்.

இதற்கு இன்னொரு கோணத்திலிருந்தும் சான்று உண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவர்களைப் பல பிரிவுகளாகப் பிரிக்கும்போது, ஏற்கெனவே தொழில் நடத்தியவர்கள் சில பிரிவுகளில் அதிகமாகவும் சில பிரிவுகளில் குறைவாகவும் விழுவார்கள். லெர்னரும் மால்மெண்டியரும் 2013-இல் இதை ஆராய்ந்தார்கள். அனுபவசாலிகள் அதிகம் இருந்த பிரிவிலிருந்து தொழில் தொடங்கியவர்கள் அதிகமாகத்தானே இருக்க வேண்டும்? குறைவாக இருந்தார்கள். ஆனால் குறைந்தது தோற்றுப்போகக்கூடிய முயற்சிகள்தான். வெற்றிபெற்றவற்றின் எண்ணிக்கை குறையவில்லை. பக்கத்து இருக்கையில் அடிபட்டவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால், சொதப்பலான யோசனையின் ஓட்டையைக் காபி குடிக்கும் நேரத்திலேயே காட்டிவிடுவார்.

"தொழில் தொடங்குவேன்" என்று எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்று எண்ணி ஒரு பாடத்தை மதிப்பிடுவது, ஆகவே, எனக்கு ஒப்பவில்லை. கை தூக்கியவர்களும் தூக்காதவர்களும் காரணம் தெரிந்து அப்படிச் செய்தார்களா என்று பார்ப்பேன்.

"எங்கள் பாடத்தால் தன்னம்பிக்கை இத்தனை சதவீதம் உயர்ந்தது" என்று விளம்பரப்படுத்துகிறார்களே, நம்பலாமா?

எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். வழக்கமான முறை இதுதான்: "தொழில்முனைவோர் ஆவதற்கு நான் எதையும் செய்யத் தயார்" என்பது போன்ற வாக்கியங்களைக் கொடுத்து, 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். முதல் நாள் ஒரு முறை, கடைசி நாள் ஒரு முறை. கடைசி நாள் எப்படிப்பட்ட நாள்? குழுவாக மேடையேறிப் பேசி, கைதட்டல் வாங்கி, படமெடுத்துக்கொண்ட நாள். அந்தச் சூட்டில் யாராக இருந்தாலும் 6 போடுவார்கள். அதே கேள்வியை ஆறு மாதம் கழித்து, வேலைக்கான நேர்காணல் ஒன்றுக்குக் கிளம்பும் காலையில் கேட்டால் என்ன எண் வரும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் நாள் "எனக்குக் கணக்கு வைக்கத் தெரியும்" என்பதற்கு 6 போட்டவர், கணக்கு என்றால் என்னவென்று கற்றபின் 4 போடுவார். திறமை வளர்ந்திருக்கிறது, எண்ணோ இறங்கியிருக்கிறது.

மார்ட்டின், மெக்நேலி, கே ஆகியோர் 2013-இல் 42 மாதிரிகளைச் சேர்த்து அலசியபோது, தொழில்முனைவுக் கல்வியால் பொதுவாக நன்மை இருப்பதாகவே கண்டார்கள். ஆனால் ஆய்வு முறை எவ்வளவு தளர்வாக இருந்ததோ அவ்வளவுக்கு நன்மை பெரிதாகத் தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத "முன்-பின்" கணக்கு எதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணம் இருப்பவர்கள் கடைசியில் தொடங்கிவிடுகிறார்களா?

சிலர். கவுடோனென் குழுவினர் ஆஸ்திரியாவிலும் பின்லாந்திலும் 969 பேரை 2011-இலும் மறுபடி 2012-இலும் தொடர்புகொண்டு கேட்டார்கள். எண்ணமும் "என்னால் முடியும்" என்ற நம்பிக்கையும் சேர்ந்து, பிறகு தொழில் தொடங்கச் செய்த செயலில் ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் 31 சதவீதத்தை விளக்கின. சமூக அறிவியலில் இது மோசமான எண் இல்லை. மிச்சம் 69 சதவீதம் வேறு எதையெதையோ சார்ந்திருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்: பணம், குடும்பச் சூழல், சந்தை நிலவரம், நல்ல வேலை ஒன்று வந்துவிடுவது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவது.

டுனீசியாவில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். அங்கே இளங்கலை இறுதியாண்டு மாணவர்கள் வழக்கமான ஆய்வேட்டுக்குப் பதிலாகத் தொழில் திட்டம் எழுதலாம் என்று ஒரு பிரிவு கொண்டுவந்தார்கள். பயிற்சியும் தனிப்பட்ட வழிகாட்டலும் உண்டு. விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால், தேர்வானவர்களையும் ஆகாதவர்களையும் நியாயமாக ஒப்பிட முடிந்தது. பட்டம் பெற்று ஒரு வருடம் ஆனபோது சொந்தத் தொழில் செய்பவர்கள் சில சதவீதப் புள்ளிகள் கூடியிருந்தார்கள். மொத்தத்தில் வேலையில் இருப்பவர்களின் அளவு மாறவில்லை. நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது அந்தச் சின்ன வித்தியாசமும் கரைந்திருந்தது. படிப்பு கதவுவரை கொண்டுபோய் விட்டது, வெளியே முதலும் சந்தையும் கிடைக்கவில்லை என்றே நான் இதைப் படிக்கிறேன்.

எல்லா இடத்திலும் இப்படி என்று சொல்லவும் முடியாது. ஸ்வீடனில் பள்ளிப் பருவத்தில் சிறு நிறுவனம் நடத்திப் பழகியவர்களைப் பல வருடம் கழித்துத் தொடர்ந்து பார்த்த எலர்ட் குழுவினரின் 2015 ஆய்வில், அவர்கள் பிற்பாடு நிறுவனம் தொடங்கும் வாய்ப்பும் தொழில் வருமானமும் கூடியிருந்தன. விதைத்த வருடமே அறுவடையை எதிர்பார்த்தால் இப்படிப்பட்ட பயன் கண்ணில் படாது.

எந்த மாதிரியான வகுப்பு உண்மையிலேயே பயன் தருகிறது?

வெளியே போய் ஆட்களிடம் பேச வைக்கும் வகுப்பு. ஏன் என்று ஒரு சின்ன உதாரணத்தில் காட்டுகிறேன்.

பழைய பாடப்புத்தகங்களை மாணவர்களுக்குள் விற்று வாங்க ஓர் ஆப் செய்யலாம் என்று ஒரு குழு யோசிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் அவர்கள் கேட்கும் கேள்வி, "இப்படி ஓர் ஆப் வந்தால் பயன்படுத்துவீர்களா?" எல்லோரும் "ஓ, கட்டாயம்" என்பார்கள். நட்புக்குச் சொல்லும் பதில் அது. நல்ல ஆசிரியர் அந்தக் கேள்வியை அடித்துவிட்டு வேறொன்றை எழுதித் தருவார்: "போன செமஸ்டர் புத்தகங்களை என்ன செய்தீர்கள்?" இப்போது வரும் பதில்களைப் பாருங்கள். "அலமாரியில அப்படியே கிடக்கு." "ஜூனியருக்குச் சும்மா கொடுத்துட்டேன்." "புத்தகமா? நான் வாங்கவே இல்லையே, பி.டி.எஃப். வச்சுத்தான் ஓட்டினேன்." மூன்றாவது பதில் நாலைந்து பேரிடமிருந்து வந்துவிட்டால் அந்த யோசனையின் கதை முடிந்தது. ஆனால் நிரலில் ஒரு வரிகூட எழுதாமல், ஒரு பிற்பகலில் முடிந்தது. அதே பேச்சில் யாராவது, "புத்தகம் பிரச்சினையே இல்லை, லேப் கருவிதான் கிடைக்க மாட்டேங்குது" என்று சொல்லியிருந்தால் அடுத்த யோசனையும் கையில் வந்துவிட்டது.

இப்படி ஊகத்தை எழுதிவைத்து, சோதித்து, முடிவு செய்யும் பழக்கத்தைக் கற்றுத்தர முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. இத்தாலியில் 116 தொடக்கநிலை நிறுவனங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் இந்த அறிவியல் முறையைக் கூடுதலாகப் பயிற்றுவித்தார்கள். கமுஃபோ குழுவினர் 2020-இல் வெளியிட்ட முடிவுப்படி, பயிற்சி பெற்றவர்கள் தங்கள் யோசனையைத் திசைமாற்றிக்கொண்டது அதிகம், அவர்களுடைய நிறுவனங்களின் செயல்பாடும் மேலாக இருந்தது.

டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் செய்பவர்களிடம் நடத்திய சோதனையும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஒரு குழுவுக்கு வழக்கமான வணிகப் பயிற்சி, இன்னொரு குழுவுக்குத் தானாக முன்வந்து செயல்படுவது, தடை வந்தால் மாற்றுவழி தேடுவது போன்ற மனப்போக்குப் பயிற்சி, மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. 2017-இல் வெளியான முடிவில், மனப்போக்குப் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியிருந்தது. வழக்கமான பயிற்சியில் தெரிந்த 11 சதவீத உயர்வு, புள்ளியியல் கணக்கில் உறுதியாகச் சொல்லத்தக்கதாக இல்லை. அவர்கள் மாணவர்கள் அல்லர், ஏற்கெனவே தொழிலில் இருப்பவர்கள். அப்படியே பல்கலைக்கழகத்துக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் ஸ்லைடு வைத்து நடத்தும் கணக்குப் பாடத்தை மட்டும் நம்பியிருக்கும் துறைகள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

அப்படியானால் பிசினஸ் பிளான் எழுதுவது வீண்வேலையா?

நாற்பது பக்கம் எழுதி, ஐந்தாம் வருட விற்பனைவரை கணித்து, வண்ண வரைபடம் ஒட்டுவது பெரும்பாலும் வீண்தான். சாரஸ் சரஸ்வதி 27 அனுபவமிக்கத் தொழில்முனைவோரிடம் ஒரு கற்பனைத் தொழிலைக் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி ஆராய்ந்தார். 2001-இல் வெளியான அவருடைய கட்டுரை புகழ்பெற்றது. அந்த அனுபவசாலிகள் பெரும்பாலும் இலக்கிலிருந்து பின்னோக்கித் திட்டமிடவில்லை. கையில் என்ன இருக்கிறது, யாரைத் தெரியும், எவ்வளவு போனால் தாங்க முடியும் என்பதிலிருந்து தொடங்கினார்கள்.

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்: பணப்புழக்கம். ஒரு பொருளைச் செய்ய 100 செலவாகிறது, 130-க்கு விற்கிறோம். மூலப்பொருளுக்கு மாதத் தொடக்கத்திலேயே பணம் கட்ட வேண்டும். வாங்குபவர் இரண்டு மாதம் கழித்துத்தான் தருவார். ஆர்டர் மாதாமாதம் இரட்டிப்பாகிறது. முதல் மாதம் 100 வெளியே போகிறது. இரண்டாம் மாதம் 200. மூன்றாம் மாதம் முதல் விற்பனையின் 130 வருகிறது, அதே நேரம் 400 கட்ட வேண்டும். மூன்று மாத முடிவில் ஏட்டில் லாபம் 210. கையிலோ 570 பற்றாக்குறை. தொழில் அமோகமாக நடக்கிறது, சம்பளம் கொடுக்கப் பணமில்லை. இந்தக் கணக்கைத் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்த மாணவர், கடன் தவணை கேட்டுப் பேசும்போது வேறு மாதிரிப் பேசுவார்.

பிட்ச் போட்டிகளில் (தொழில் யோசனையை நடுவர்கள் முன் சுருக்கமாகச் சொல்லும் போட்டிகளில்) கலந்துகொள்ளலாமா?

கலந்துகொள்ளுங்கள். சுருக்கமாகப் பேசவும், குறுக்குக் கேள்விக்குத் தடுமாறாமல் நிற்கவும் பழகலாம். பரிசு வாங்கியதால் தொழில் சரி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நடுவர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள் கிடையாது.

தொழில் புத்தி பிறவியிலேயே வர வேண்டியது என்கிறார்களே?

பிறப்பிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் வளர்ப்பில்தான் அதிகம். ஸ்வீடனில் தத்துப்பிள்ளைகளின் பதிவுகளை வைத்து லிண்ட்குவிஸ்ட், சோல், வான் பிராக் ஆகியோர் 2015-இல் இதைப் பிரித்துப் பார்த்தார்கள். பெற்றோர் தொழில்முனைவோராக இருந்தால் பிள்ளை அப்படி ஆகும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் கூடுகிறது. இதில் வளர்த்தவர்களின் பங்கு, பெற்றவர்களின் பங்கைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பார்த்துப் பழகி வருவது இவ்வளவு என்றால், கல்விக்கும் அதில் இடம் இருக்கத்தான் செய்யும்.

எங்கள் குடும்பத்தில் யாருமே தொழில் செய்ததில்லை. எனக்கு இது சரிவருமா?

உங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்த வகுப்பு அதிகம் உதவக்கூடும். தொழில் செய்யும் வீட்டுப் பிள்ளைகள், கடன் வசூலாகாத மாதம் எப்படி இருக்கும், ஆள் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வது என்பதையெல்லாம் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே கேட்டு வளர்கிறார்கள். மற்றவர்களுக்கு அது கிடைப்பதில்லை. ஈஸ்லியும் வாங்கும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்குக் குலுக்கல் முறையில் வழிகாட்டிகளை ஒதுக்கினார்கள். சிலருக்குத் தொழில்முனைவோர், சிலருக்கு வேறு துறையினர். தொழில்முனைவோரை வழிகாட்டியாகப் பெற்றவர்கள் பிற்பாடு அந்தப் பாதையில் போனது அதிகம். பெற்றோர் தொழில்முனைவோராக இல்லாத மாணவர்களிடம் அந்தத் தாக்கம் இன்னும் வலுவாகத் தெரிந்தது.

ஆகவே வகுப்பில் சேர்ந்தால் மதிப்பெண்ணைவிட அங்கே அறிமுகமாகும் ஆட்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெரிய பெயர்கள் வேண்டாம். உங்களைவிட மூன்று, நான்கு வருடம் முன்னால் தொடங்கியவர் ஒருவர் போதும். அவருக்கு எல்லாம் இன்னும் நினைவில் இருக்கும்.

பெண்களுக்கு இதில் வித்தியாசம் உண்டா?

எம்.பி.ஏ. மாணவர்களிடம் வில்சன் குழுவினர் 2007-இல் செய்த ஆய்வில், "என்னால் முடியும்" என்ற நம்பிக்கையைத் தொழில்முனைவுக் கல்வி ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் உயர்த்தியது. திறமை குறைவாக இருந்து கூடியது என்று இதற்குப் பொருள் இல்லை. அளந்தது அவரவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பீட்டை. பாடத்தில் விருந்தினராக வருபவர்கள் எல்லோரும் ஆண்களாகவே இருந்தால், அந்த மதிப்பீட்டை உயர்த்த வந்த வகுப்பே அதைக் கீழே இழுக்கும் என்பது என் எண்ணம்.

படிக்கும்போதே தொடங்க வேண்டுமா, சில வருடம் வேலை பார்த்துவிட்டா?

இருபது வயதில் தொடங்கியவர்களின் கதைகளே காதில் விழுவதால் அதுதான் வழக்கம் என்று தோன்றும். அமெரிக்காவில் நிறுவனம் தொடங்கியவர்களின் பதிவுகளை அசூலே குழுவினர் ஆராய்ந்து 2020-இல் வெளியிட்டபோது, தொடங்கும்போது சராசரி வயது சுமார் 42 என்று தெரிந்தது. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான நிறுவனங்களை மட்டும் எடுத்தால் 45. அதே துறையில் முன்பு வேலை பார்த்த அனுபவம் வெற்றி வாய்ப்பைக் கணிசமாகக் கூட்டியது.

இதனால் காத்திருங்கள் என்று சொல்லவில்லை. படிக்கும்போது இழக்க அதிகம் இல்லை, நேரம் இருக்கிறது, ஆய்வகமும் ஆசிரியர்களும் பக்கத்திலேயே. சின்னதாக, கடன் இல்லாமல், தோற்றாலும் பட்டம் பாதிக்காதபடி தொடங்க முடிந்தால் தொடங்குங்கள். துறை அனுபவம் இல்லாமல் முடியாத தொழில் என்றால் முதலில் அந்தத் துறையில் வேலைக்குப் போங்கள். வகுப்பில் படித்தது அதற்குள் துருப்பிடித்துவிடாது.

படிப்பைப் பாதியில் விட்டுவிடலாமா?

பணம் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் வந்து, சமாளிக்க நேரம் போதாமல் திணறும் நிலை வந்தால், முதலில் ஒரு செமஸ்டர் விடுப்பு கிடைக்குமா என்று கேளுங்கள். அந்த நிலை வராதவரை இந்தக் கேள்விக்கே அவசியம் இல்லை.

கடைசியில் வேலைக்குத்தான் போகப் போகிறேன். அப்போதும் இதைப் படிப்பதில் பயன் உண்டா?

உண்டு. ஐரோப்பிய ஆணையம் 2016-இல் தொழில்முனைவுத் திறன்களுக்கு ஒரு சட்டகம் வெளியிட்டது: மூன்று பகுதிகளில் 15 திறன்கள். வாய்ப்பைக் கண்டுபிடிப்பது, வளங்களைத் திரட்டுவது, நிச்சயமில்லாத நிலையில் முடிவெடுப்பது, மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்வது என்று போகும் அந்தப் பட்டியலில், நிறுவனத்தில் வேலை பார்ப்பவருக்கு வேண்டாதது எதுவும் எனக்குத் தெரியவில்லை.

எல்லோருக்கும் கட்டாயமாக்கலாமா?

ஓர் அறிமுகப் பாடத்தைக் கட்டாயமாக்கலாம். தனக்கு இது பிடிக்குமா என்று தெரியாதவர், விருப்பப் பாடமாக வைத்தால் தேடி வரவே மாட்டார். அதற்கு மேல், தொழிலை நடத்திப் பார்க்கும் நீண்ட பாடம் விரும்பி வருபவர்களுக்கு மட்டும் இருக்கட்டும். ஒப்புக்கு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் ஒரு குழுவில் இருந்தால், மற்ற மூவரின் செமஸ்டரும் போய்விடும்.

ஒரு பாடத்தில் சேரும் முன் என்ன கேட்டுப் பார்க்க வேண்டும்?

மதிப்பெண் எதற்குத் தருகிறார்கள் என்று கேளுங்கள்; அதிலேயே பாதி தெரிந்துவிடும். பரீட்சைக்கே 80 என்றால் அது தொழிலைப் பற்றிய பாடம், வெளியே அனுப்ப மாட்டார்கள். வாடிக்கையாளரிடம் பேசியதற்கும், தவறான ஊகத்தைக் கண்டுபிடித்துத் திருத்தியதற்கும் மதிப்பெண் உண்டு என்றால் தாராளமாகச் சேரலாம். ஆசிரியர் சொந்தமாகத் தொழில் நடத்தியிருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தொழில் நடத்துபவர்களை வகுப்புக்கு ஒழுங்காகக் கூட்டிவருபவராக இருக்க வேண்டும். அப்புறம், பழைய மாணவர்கள் இரண்டு பேரிடம் பேசுங்கள்: ஒருவர் தொடங்கியவர், ஒருவர் தொடங்காமல் விட்டவர். இரண்டாமவர் ஏன் விட்டார் என்று தெளிவாகச் சொன்னால் அது நல்ல வகுப்பு.

வகுப்பில் சேர்த்துவிட்ட குழுவோடு அப்படியே தொழிலைத் தொடரலாமா?

தொடரலாம், ஆனால் செமஸ்டர் முடிந்த வாரமே உட்கார்ந்து பேசிவிடுங்கள். வகுப்பில் எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் கிடைத்திருக்கும், அதனால் பங்கும் சமமாக இருக்கட்டும் என்று அவசரத்தில் எழுதிவிடுவார்கள். பிறகு ஒருவர் மேற்படிப்புக்குப் போவார், ஒருவர் வேலைக்குப் போவார், மீதி இருவர் இரவு பகலாக உழைப்பார்கள்; போனவர்களின் கால் பங்கு அப்படியே நிற்கும். முழுநேரம் யார் வருகிறார், யார் எவ்வளவு பணம் போடுகிறார், நடுவில் விலகினால் பங்கு என்னாகும் என்பதை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பங்கை முதல் நாளே மொத்தமாகக் கொடுக்காமல், உடன் இருக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும்படி வைப்பது ஸ்டார்ட்அப் உலகில் பரவலான ஏற்பாடு. நான்கு வருடம் என்று வைப்பது வழக்கம். இதைப் பேச யாராவது தயங்கினால், எதனால் தயங்குகிறார் என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.